பழைய வேட்டை ரைபிளின் இரும்பு சைட்: அரத்தை எடுப்பதற்கு முன்

கேள்வி இதுதான். பெரியப்பா வழியில் கைக்கு வந்த பழைய 7×57 மவுசர் வேட்டை ரைபிள். குழலின் மேல் மடிப்புத் தகடுகளோடு ஒரு வி வெட்டு, குழல் நுனியில் சின்னப் பொன் மணி. குறி பார்க்க இவை இரண்டும்தான், அதாவது இரும்பு சைட்; தொலைநோக்கி மாதிரியான ஸ்கோப் கிடையாது. 100 மீட்டரில் ஒரு நாள் காலையில் எல்லாம் இடது பக்கம் போகிறது, இன்னொரு நாள் எல்லாம் உயரே போகிறது, மூன்று குண்டு சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் விழுந்ததே இல்லை. வயது 48. "மணியும் மங்கலாகத் தெரிகிறது, வெட்டும் மங்கலாகத் தெரிகிறது. பின் சைட்டை அரத்தால் ராவிச் சரி செய்யலாமா, இல்லை ஸ்கோப் மாட்டிவிடலாமா?"

முதலில் அரத்தைக் கீழே வையுங்கள். ராவிய இரும்பு திரும்ப வளராது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சைட்டில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சைட் தப்பாக இருந்தால் குண்டுகள் எல்லாம் தப்பான ஒரே இடத்தில் போய்ச் சேரும். இங்கே இடமே நாளுக்கு நாள் மாறுகிறது. மாறுவது உங்கள் கண்ணும் வெளிச்சமும்தான். ஒரு திருகு தளர்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு, அதை அப்புறம் பார்க்கலாம்.

ஸ்கோப்பில் பழகியவர்களுக்கு இரும்பு சைட் ஏன் கைக்கு வருவதில்லை என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் மாதிரி ரைபிளில் பின் வெட்டுக்கும் முன் மணிக்கும் இடையே ஏறக்குறைய 500 மில்லிமீட்டர் இருக்கும். வெட்டின் நடுவில் நிற்க வேண்டிய மணி 1 மில்லிமீட்டர் விலகி நின்றால், 100 மீட்டரில் குண்டு 20 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். ஆனால் மணியும் வெட்டும் சரியாக ஒன்றோடொன்று பொருந்தியிருந்து, அந்த ஜோடி மொத்தமாக இலக்கின் மேல் 5 சென்டிமீட்டர் அசைந்தால் குண்டும் 5 சென்டிமீட்டர்தான் அசையும். அதாவது, கை நடுங்குவதை மன்னித்துவிடும். மணியும் வெட்டும் பொருந்தாமல் போனால் மன்னிக்காது. புதிதாகச் சுடுபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இலக்கின் மேல் அசையாமல் நிற்கவேண்டும் என்று மல்லுக்கட்டிக்கொண்டே மணி வெட்டின் ஓரத்துக்கு நழுவியதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து கண். வெட்டு, மணி, இலக்கு என்று மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. எந்த வயதிலும் மனிதக் கண்ணால் மூன்றையும் ஒரே நேரத்தில் கூர்மையாகப் பார்க்க முடியாது. இருபது வயதுக் கண் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சட்டென்று தாவும். மூன்றும் தெளிவாகத் தெரிவதுபோல் ஏமாற்றும். நாற்பதைத் தாண்டியதும் தாவும் வேகம் போய்விடுகிறது. அதனால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது, தேர்ந்தெடுக்க வேண்டியது மணியைத்தான். மணி கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாகத் தெரியட்டும். வெட்டு சற்றே மங்கலாக இருக்கலாம், இலக்கும் மங்கலாக இருக்கலாம். விலங்கைக் கூர்மையாகப் பார்க்க மனசு இழுக்கும். அந்த இழுப்புக்கு இடம் கொடுத்தால் மணி எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. விசையை அழுத்தும் கடைசி நொடியில் பார்வை இலக்குக்குத் தாவிவிடுவதுதான் நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல்.

இனி கண்ணாடி. வாசிக்கும் கண்ணாடி இதற்கு உதவாது. அது கையில் பிடித்த புத்தகத்துக்கானது, 40 சென்டிமீட்டர் தூரம். உங்கள் மணி கண்ணிலிருந்து ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. ரைபிளைத் தோளில் வைத்து யாரையாவது அளக்கச் சொல்லி, அந்த அளவைக் கண் பரிசோதகரிடம் சொல்லுங்கள். தூரப் பார்வைக்கான உங்கள் பவரோடு +0.5 அல்லது +0.75 கூட்டினாலே பலருக்கு மணி கூர்மையாகிவிடுகிறது, இலக்கும் அடையாளம் தெரியாத அளவுக்குக் கலங்குவதில்லை. இரட்டைக் குவியக் கண்ணாடி மட்டும் வேண்டாம். கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கத் தலையைத் தூக்குவீர்கள், கன்னம் ரைபிளின் மரக்கட்டையிலிருந்து எழும்பிவிடும், அதோடு எல்லாம் போச்சு.

கன்னம் என்றதும் கட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய வேட்டை ரைபிளை வாங்குபவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். அந்தக் காலத்துக் கட்டைகளின் மேல்விளிம்பு இப்போதுள்ளவற்றைவிடத் தாழ்ந்து சரிந்திருக்கும். கன்னத்தை வைத்தால் கண் நேராகப் பின் வெட்டின் உயரத்துக்கு வரவேண்டும் என்று கணக்குப் பண்ணிச் செதுக்கியது அது. தோட்டா உட்காரும் அறையைத் திறந்து காலியாக இருக்கிறதா என்று பார்த்து, விரலை விட்டும் தடவிப் பாருங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளுக்குக் கொண்டுவந்து, கன்னம் தானாக உட்காரும் இடத்தில் உட்காரட்டும். இப்போது கண்ணைத் திறங்கள். மணி வெட்டுக்குள் நின்றால் ரைபிள் உங்கள் உடலுக்குப் பொருந்துகிறது என்று அர்த்தம். வெட்டுக்கு மேலே மிதந்தால் கன்னத்தை இன்னும் இறக்கிப் பதிக்க வேண்டும். மணியே தெரியாவிட்டால் கன்னம் அளவுக்கு மீறித் தாழ்ந்திருக்கிறது. ஒரு நாளைக்கு இருபது தடவை, ஒரு மாதம் இதைச் செய்யுங்கள். தோட்டாச் செலவு இல்லாத பயிற்சி, பலனும் இதில்தான் அதிகம். நல்ல வேட்டைக்காரர்கள் இரும்பு சைட்டால் ஓடும் பன்றியைச் சுடுவதைப் பார்த்தால் அவர்கள் குறி பார்க்கவே இல்லை என்று தோன்றும். கட்டை அவர்களுக்காகக் குறி பார்த்து முடித்திருக்கும்.

இதே கட்டையில் ஸ்கோப் மாட்டினால் கண் மூன்று நான்கு சென்டிமீட்டர் உயர வேண்டும். கன்னம் பதிய இடமில்லாமல் தாடையை முட்டுக் கொடுத்துச் சுடுவீர்கள். ஒவ்வொரு முறையும் தலை வேறு இடத்தில் இருக்கும். தவிர, பழைய ரைபிளின் மேல் இரும்பில் திருகுத் துளை போட்டால் அதன் மதிப்பு அந்த நிமிடமே இறங்கும். ஸ்கோப்பைப் பழிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 200 மீட்டருக்கு அப்பால் சுட வேண்டியிருந்தால் ஸ்கோப்போடு பிறந்த ரைபிள் ஒன்றை வாங்குங்கள், இதை இது செய்த வேலைக்கே விட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் 'காலையில் இடது பக்கம்' விவகாரம். இதில் நானே அடிபட்டிருக்கிறேன். வடக்குப் பார்த்துச் சுடும் ஒரு மைதானத்தில், வெயில் ஏறிய காலையில், பித்தளை மணி வைத்த ரைபிளோடு உட்கார்ந்தேன். ஐந்து குண்டும் 8 சென்டிமீட்டர் இடது பக்கம். பின் சைட்டை வலது பக்கம் தட்டினேன், நடுவில் விழுந்தது, பெருமையாக டீ குடிக்கப் போனேன். மாலையில் அதே ரைபிள், அதே பெட்டித் தோட்டா, இப்போது 16 சென்டிமீட்டர் வலது பக்கம். அன்று ராத்திரி குழலைக் கழற்றிப் பார்க்காத குறைதான்.

காரணம் சூரியன். உருண்டையான பளபளக்கும் மணியின் மேல் வலது பக்கத்திலிருந்து வெயில் விழுந்தால் மணியின் வலது கன்னம் மட்டும் மின்னும், இடது கன்னம் இருளும். கண் அந்த மின்னும் பகுதியையே முழு மணி என்று எடுத்துக்கொண்டு அதை வெட்டின் நடுவில் நிறுத்தும். அப்போது உண்மையான மணி நடுவுக்கு இடது பக்கம் நிற்கிறது, குண்டும் இடது பக்கம் போகிறது. வெளிச்சம் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் குண்டு போகும். காலையில் நான் சூரியனைத் திருத்தியிருக்கிறேன், சைட்டை அல்ல. மாலையில் சூரியன் மறுபக்கம் போனதும் பிழையும் திருத்தமும் சேர்ந்து இரட்டிப்பாகிவிட்டன.

மருந்து மிக மலிவு. மைதானத்தில் சைட்டைச் சரிபார்க்கும்போது மெழுகுவர்த்தி அல்லது கற்பூரப் புகையில் மணியைக் காட்டிக் கரி பிடிக்க வையுங்கள். பழைய குறிசுடும் வீரர்கள் கார்பைடு விளக்கையே இதற்காகக் கையில் வைத்திருந்தார்கள். கரி படிந்த மணி எந்தப் பக்கத்து வெயிலுக்கும் மின்னாது. காட்டுக்குப் போகும்போது துடைத்துவிடலாம், ஏனென்றால் நிழலில் கருப்பு மணி கருப்பு விலங்கின் மேல் தொலைந்துபோகும். சில ரைபிள்களில் முன் சைட்டுக்கு ஒரு சின்னக் குழாய்க் கூடு இருக்கும். அடிபடாமல் காப்பதற்கு மட்டுமல்ல அது, நிழலுக்கும்தான். உங்களுடையதில் அந்தக் கூட்டுக்கான பள்ளம் இருந்து கூடு தொலைந்திருந்தால் தேடி வாங்குங்கள். மணியின் முகம் உருண்டையாக இல்லாமல் தட்டையாக, உங்கள் கண்ணை நோக்கிச் சற்றே சாய்ந்து இருந்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். அந்தக் காலத்துக் கைவினைஞர்கள் தந்தத்தில் மணி செய்ததற்கும் காரணம் உண்டு: தந்தம் மின்னாமல் வெளுத்துத் தெரியும். உடையும் என்பது வேறு விஷயம்.

'ஒரு நாள் மேலே' என்பதற்கும் பெரும்பாலும் இதே கதைதான், ஆனால் உயரத்தில். வி வெட்டுக்குள் மணியை எவ்வளவு ஆழமாக உட்கார வைக்கிறீர்கள்? வெட்டின் அடியில் மணியின் நுனி மட்டும் எட்டிப் பார்த்தால் குண்டு தாழப் போகும். மணி முழுவதும் வெட்டின் விளிம்புக்கு மேல் ஏறி நின்று அதன் தண்டும் தெரிந்தால் உயரே போகும். மங்கிய வெளிச்சத்தில் மணி சரியாகத் தெரியாததால் எல்லோரும் அறியாமலே அதைத் தூக்கிப் பிடிப்பார்கள், அதனால் அந்தி வேளைக் குண்டுகள் விலங்கின் முதுகுக்கு மேலே பறக்கும். மணி முழுதாக வெட்டின் அடியில் உட்கார்ந்திருக்க, அதன் நடுவே குண்டு விழ வேண்டிய இடம், என்று ஒரே ஒரு படத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். வட்டப் பலகையில் கருப்பு வட்டத்தின் அடியைத் தொட்டுக் குறி வைக்கும் பழக்கம் போட்டிக்குச் சரி. விலங்கின் உடம்பில் அப்படி ஒரு வட்டம் வரைந்திருக்காது.

உயரே போவதற்கு வேறு இரண்டு காரணங்களும் உண்டு, இரண்டையும் ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். குழலை நேராக மேசை விளிம்பிலோ கல்லிலோ சாய்த்துச் சுட்டீர்களா? குழல் கடினமான பொருளைத் தொட்டால் அதிர்ந்து எகிறும், குண்டு உயரே போகும். முன்கட்டையின் அடியில் கையை வையுங்கள், கையை மணல் மூட்டையின் மேல் வையுங்கள். இரண்டாவது, மடிப்புத் தகடு. நின்ற தகடு ஒன்று 100 கெஜத்துக்கு, மடங்கியவை 200, 300 என்று பொறித்திருக்கும். உறையிலிருந்து எடுக்கும்போது 200 தகடு நிமிர்ந்துவிட்டால் நீங்கள் அதன் வழியாகப் பார்த்துச் சுடுவீர்கள், சந்தேகமே வராது. (300 தகடு என்னைப் பொறுத்தவரை கடைக்காரரின் அலங்காரம். அதைத் தூக்கி உருப்படியாகச் சுட்ட ஒருவரை நான் பார்த்ததில்லை.)

உங்களுடையது ராணுவ ரைபிளிலிருந்து மாற்றியது என்றால் கதை வேறு. பல பழைய மவுசர் ராணுவ ரைபிள்களின் பின் சைட்டில் மிகத் தாழ்ந்த அளவே 300 மீட்டர்தான். அவை 100 மீட்டரில் எப்போதும் உயரே சுடும். அதற்குத் திருத்தம் உயரமான முன் மணி. பொன் மணியும் தகடுகளும் இருப்பதால் உங்களுடையது பிறவியிலேயே வேட்டை ரைபிள் என்று நினைக்கிறேன்.

தோட்டாவையும் மாற்றி மாற்றிப் போடாதீர்கள். பழைய 7×57 ரைபிள்களில் பல 173 கிரெயின் எடையுள்ள நீண்ட குண்டுக்காகச் சைட் வெட்டப்பட்டவை, இன்று எளிதாகக் கிடைப்பதோ 140 கிரெயின் குண்டு. இரண்டும் ஒரே இடத்தில் விழாது. இரட்டைக்குழல் ரைபிள்களில் இது இன்னும் மோசம். இரண்டு குழலும் ஒரே இடத்தில் சுடும்படி குறிப்பிட்ட ஒரு தோட்டாவை வைத்துச் சுட்டுச் சுட்டுப் பற்றவைத்திருப்பார்கள், தோட்டா மாறினால் இரண்டு குழலும் இரண்டு ஊருக்குச் சுடும். ஒரு வகையைத் தேர்ந்தெடுத்து அதையே போடுங்கள்.

சரி, இதெல்லாம் முடிந்து, கரி பிடித்த மணியோடு, ஒரே தோட்டாவோடு, மூன்று மூன்றாக நான்கு தடவை சுட்டு, எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் விழுந்தால் மட்டும் சைட்டைத் தொடலாம். குண்டு எந்தப் பக்கம் போகவேண்டுமோ பின் சைட்டை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். முன் சைட் என்றால் நேர்மாறு. எவ்வளவு என்பதற்கு, விலகிய தூரத்தை இரண்டு சைட்டுகளுக்கும் இடையே உள்ள நீளத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுங்கள். எல்லாம் மில்லிமீட்டரில். 10 சென்டிமீட்டர் விலகல் என்றால் 100 × 500 ÷ 100000 = 0.5 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர்! சுத்தியலை ஓங்கும் முன் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பித்தளைத் துண்டை வைத்துத் தட்டுங்கள், இரும்பு வேண்டாம். தட்டும் முன் சைட்டின் அடிப்பாகத்திலும் குழலிலும் சேர்த்து ஊசியால் ஒரு மெல்லிய கோடு கிழித்துக்கொண்டால் எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும். நாளைக்கு அதுவாக நகர்ந்தாலும் அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். ஆரம்பத்தில் சொன்ன தளர்ந்த திருகு இங்கேதான் அகப்படும். நகத்தால் அழுத்தி அசைகிறதா என்று பார்க்காதீர்கள், அசையாது. கட்டைவிரலால் பலமாக இரு பக்கமும் தள்ளிப் பாருங்கள். குண்டு தாழ விழுந்தால் மட்டுமே முன் மணியின் உயரத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். அதற்கும் ராவுவதைவிட, தட்டிக் கழற்றி உயரம் குறைந்த வேறு மணி போடுவது நல்லது. பழையது பெட்டியில் பத்திரமாக இருக்கும்.

வெட்டின் வடிவத்தில் ஆளுக்கொரு ரசனை. உங்களுடையதைப் போன்ற அகன்று ஆழம் குறைந்த வி, நடுவில் ஒரு வெள்ளிக்கோடு, இவைதான் நெருங்கிய தூரத்தில் மிக வேகமானவை. மணி தானாக உருண்டு அடியில் வந்து நிற்பதுபோல் இருக்கும். அமெரிக்க லீவர் ரைபிள்களில் வரும் மான்கொம்பு வடிவப் பின் சைட் எனக்குப் பிடிக்காது. இரு பக்கமும் காது மாதிரி எழும்பி, பார்க்க வேண்டிய விலங்கில் பாதியை மறைத்துவிடும். இன்னும் பலர் அதைக் கொண்டாடுகிறார்கள், கொண்டாடட்டும்.

உண்மையிலேயே கண் ஒத்துழைக்கவில்லை என்றால் ஸ்கோப்புக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. அது துளை சைட். பின்னால், கண்ணுக்கு அருகே, ஒரு சிறு வளையம். வில்லியம் லைமன் என்ற அமெரிக்கர் 1870-களின் இறுதியில் பிரபலமாக்கியது இது. பின்னர் முதல் உலகப்போர்க் காலத்து பேட்டர்ன் 14, அதற்கப்புறம் நான்காம் எண் லீ-என்ஃபீல்டு என்று ராணுவ ரைபிள்களும் வளையத்துக்கு மாறின. இதில் மூன்று பொருள் பிரச்சினை இரண்டாகக் குறைகிறது. வளையத்தைப் பார்க்கவே கூடாது, அதன் வழியாக மணியை மட்டும் பார்க்க வேண்டும். வட்டத்தின் நடுவைக் கண் தானாகவே கண்டுபிடிக்கும். அதோடு, சின்னத் துளை வழியாகப் பார்த்தால் தூரமும் கிட்டமும் சேர்ந்து தெளியும். கண்ணாடி இல்லாதவர் விரல்களைக் குவித்து இடுக்கு வழியாகப் பார்ப்பாரே, அதே வித்தை. சைட்டுகளுக்கு இடையே உள்ள நீளமும் 700 மில்லிமீட்டருக்கு மேல் போய்விடுவதால் அந்த 1 மில்லிமீட்டர் பிழை 20-இலிருந்து 14 சென்டிமீட்டராகக் குறைகிறது. போட்டிக்கான சின்னத் துளை வில்லையை மட்டும் வேட்டையில் கழற்றிவிடுங்கள். மங்கிய வெளிச்சத்தில் அது இருட்டு, மழையில் ஒரு சொட்டு நீர் போதும் அடைத்துக்கொள்ள. வில்லையைக் கழற்றிய பெரிய வளையமே 100 மீட்டருக்குத் தாராளம். பொருத்தத் திருகுத் துளை தேவைப்படலாம், ஏற்கெனவே யாராவது போட்டிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

தூரத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். 1.6 மில்லிமீட்டர் மணி 90 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து பார்க்கும்போது 100 மீட்டரில் ஏறக்குறைய 18 சென்டிமீட்டரை மறைக்கும், 2.4 மில்லிமீட்டர் மணி 27 சென்டிமீட்டரை. ஒரு மானின் நெஞ்சுப் பகுதியில் குண்டு விழ வேண்டிய இடம் 20 முதல் 25 சென்டிமீட்டர். அதாவது 100 மீட்டரில் உங்கள் மணி அந்த இடத்தைக் கிட்டத்தட்ட மூடிவிடுகிறது, 200 மீட்டரில் விலங்கின் பாதியை விழுங்கிவிடும். ஜிம் கார்பெட்டுக்குச் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907-இல் பரிசாகக் கிடைத்த ரிக்பி .275 ரைபிள், பெயர்தான் வேறு, உங்கள் 7×57 தோட்டாவையே சுடுவது. அதிலும் இரும்பு சைட்தான். நெருங்கிப் போகத் தெரிந்தவர்களின் கருவி இது. நெருங்க முடியாவிட்டால் சுடாமல் வருவதும் இந்தக் கருவியைப் பயன்படுத்தும் முறையில் சேர்ந்ததுதான்.

அடுத்த முறை மைதானத்துக்குப் போகும்போது 25 மீட்டரில் தொடங்குங்கள், அங்கே மூன்றும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கினால்தான் 100-க்குப் போக வேண்டும். ஒவ்வொரு அட்டையிலும் நேரம், வெயில் வந்த பக்கம், எந்தத் தோட்டா என்று எழுதி வையுங்கள். இன்னொன்று, வேட்டைக்குப் போகும் இடத்தில் ஒரு மாலை வெறும் ரைபிளோடு உட்கார்ந்து, ஒரு கரிய மரக்கட்டையின் மேல் மணியை வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள். மரக்கட்டை இன்னும் நன்றாகத் தெரியும்போதே மணி காணாமல் போகும் ஒரு நிமிடம் வரும். கடிகாரத்தைப் பார்த்து அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சட்டம் இன்னும் அரை மணி நேரம் அனுமதித்தாலும் உங்களுக்கு அன்றைய வேட்டை அந்த நிமிடத்தோடு முடிந்தது.